கட்டையை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

மடக்கு சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்கள் பிரேக் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில். பதில்களில் ‘வி பிரேக்’ என்று வருவது, ரிம்முக்கு இருபுறமும் இரண்டு கைகள் நிமிர்ந்து நிற்கும் வகை. 5 மி.மீ. ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், பழைய விசிட்டிங் கார்டு ஆகியவை கையில் இருந்தால் கீழே உள்ள வேலைகளில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

கே: 20 இன்ச் மடக்கு சைக்கிள், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின் பிரேக் லிவர் கனமாக இருக்கிறது, விட்டால் முழுசாகத் திரும்புவதில்லை. கடையில் கட்டை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் பழையபடி ஆகிவிட்டது.
– வாசகர், வேளச்சேரி

ப: பாவம், கட்டை என்ன செய்யும்! லிவர் கனப்பதும், விட்டபின் திரும்பத் தயங்குவதும் அநேகமாக ஒயரின் கோளாறு. சாதாரண சைக்கிளில் பின் பிரேக் ஒயரை ஒருமுறை கட்டிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். மடக்கு சைக்கிளில் அப்படி இல்லை. ஹேண்டில் தண்டு மடியும் இடம், ஃபிரேமின் நடுக் கீல் என இரண்டு இடங்களில் ஒவ்வொரு மடிப்புக்கும் அது வளைந்து நிமிர்கிறது. ஆபீஸ் போக வர இரண்டு முறை மடக்கினால் வருடத்துக்கு அறுநூறு தடவை ஆகிறது. உறைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழல் முதலில் நைந்துபோவதும் அங்கேதான், தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பதும் அங்கேதான்.

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். வி பிரேக்கின் இரண்டு கைகளையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு, மேலே வளைந்து வரும் சின்ன உலோகக் குழாயின் முனையை அதன் கொக்கியிலிருந்து விடுவியுங்கள். ஒயர் தளர்ந்துவிடும். இப்போது ஒவ்வொரு கையையும் தனியாக ரிம் பக்கம் தள்ளி விடுங்கள். டக்கென்று வெளியே துள்ளினால் பிரேக் நன்றாக இருக்கிறது, சிக்கல் ஒயரில். சோம்பலாகத் திரும்பினால் கை மாட்டியிருக்கும் முளையில் துரு ஏறியிருக்கிறது. அப்படியானால் கையைக் கழற்றி, முளையை நைசான உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் லேசாகத் தடவி, ஸ்பிரிங்கின் முனையை முன்பிருந்த அதே ஓட்டையில் செருகி மாட்டுங்கள்.

ஒயர்தான் என்றால், புதிது வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். உறை ஃபிரேமில் வந்து முடியும் இடத்தில் ஒரு தடுப்புக் குழி இருக்கும். உறையின் முனைத் தொப்பி அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மடக்கும்போது உறை இழுபட்டு, தொப்பி பாதி வெளியே வந்து குழியின் விளிம்பில் ஏறி நின்றுகொள்ளும். சைக்கிளை விரித்தபின் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். விரலால் அழுத்தி உள்ளே தள்ளினால் செலவில்லாமல் சரியாகிவிடும்.

தொப்பி சரியாக இருந்தும் கனக்கிறது என்றால் இன்னர் (உள்ளே ஓடும் கம்பி), அவுட்டர் (வெளி உறை) இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இன்னரை மட்டும் மாற்றுவது பாதி வேலை. பிரேக் இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ., அவுட்டர் 5 மி.மீ. நேர் ஹேண்டில் லிவருக்கு உருளை முனை உள்ள இன்னர்தான் பொருந்தும். நீளத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: ஹேண்டில் தண்டு உயரமாக இருப்பதால் பின் பிரேக்குக்கு 1.7 மீட்டர் ஒயர் சில மாடல்களில் எட்டாது. 2 மீட்டருக்கு மேல் உள்ளதை வாங்கி, மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம்.

அவுட்டருக்குப் பழைய உறையின் நீளமே அளவு. ஆனால் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போதோ மடக்கும்போதோ பழையது விறைத்து இழுத்ததாக நினைவிருந்தால் 2 செ.மீ. கூட்டுங்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் மடிப்பில் சிக்கும். வெட்டும்போது உள்ளே பழைய இன்னர் துண்டு ஒன்றை விட்டு வெட்டினால் வாய் நசுங்காது. வெட்டிய முகத்தை அரத்தால் சமமாக ராவி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் குழலைத் தடித்த ஊசியால் வட்டமாகத் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் புது ஒயர் போட்டும் லிவர் ‘கரகர’வென்று இருக்கிறது.

கட்டும் முறை: லிவரில் கையால் திருகும் அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே விட்டு, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இன்னரை உறைக்குள் கோத்து, வளைந்த குழாய் வழியாக எடுத்து, கொக்கியில் மாட்டுங்கள். கட்டைகளை ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, ஒயரை இழுத்து, போல்ட்டை இறுக்கிவிட்டு லிவரைப் பத்து முறை பலமாக அமுக்குங்கள். உறையின் முனைகள் உட்கார்ந்து ஒயர் சற்றுத் தளரும். பிறகு மறுபடி சரிசெய்து, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. இடைவெளி வையுங்கள். வால் 4 செ.மீ. விட்டு வெட்டி, முனை பிரியாமல் தொப்பி போட்டு நசுக்குங்கள்.

இவ்வளவும் சைக்கிளை விரித்த நிலையில் செய்ய வேண்டியவை. முடித்ததும் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். அப்போது பிரேக் தானாகப் பிடித்தால் உறை குட்டை. பிறகு ஐந்து முறை மடக்கி விரித்து, லிவரைத் திரும்பப் பாருங்கள்.

கே: முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டில் பக்கம் ‘டொக்’ என்று ஓர் ஆட்டம். பிரேக் தளர்ந்திருக்கிறதா?
– வாசகி, சிங்கப்பூர்

ப: பிரேக்கை இறுக்கி இது போகாது. சைக்கிளின் பக்கத்தில் நின்று, முன் பிரேக்கை ஒரு கையால் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல் நுனியை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள்: ஹேண்டில் தண்டு மடியும் கீலின் இணைப்பில், ஃபோர்க் ஃபிரேமுக்குள் நுழையும் இடுக்கில், பிரேக் கை முளையைச் சந்திக்கும் இடத்தில். ஆட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே விரல் நுனி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. அசைவும் விரலுக்குத் தெரியும்.

கீலில் என்றால், லாக் கொண்டி தளர்ந்திருக்கிறது. அதை மூடும்போது உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டியிருக்க வேண்டும். ஒரு விரலால் மூடிவிட முடிந்தால் போதாது. கொண்டியில் உள்ள நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மூடிப் பாருங்கள். கீலின் இரண்டு முகங்களையும் துணியால் துடைத்துவிடுங்கள். மணல் துகள் ஒன்று இருந்தாலும் முகங்கள் பொருந்தாது. துடைக்கும்போதே வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஃபோர்க் இடுக்கில் என்றால் கழுத்துப் பேரிங் தளர்ந்திருக்கிறது. மடக்கு சைக்கிள்களில் இதை இறுக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறுவதால் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. பிரேக் கையில் சிறு ஆட்டம் இயல்பு, பயப்பட வேண்டாம்.

உங்கள் ஊர் ரயிலில் ஏற்ற மடித்த சைக்கிள் 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். அவசரத்தில் ஹேண்டிலை மடித்துத் திணிக்கும்போது லிவர் எதிலாவது மோதி, கிளாம்ப்போடு திரும்பிக்கொள்ளும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கே: முன் பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சிடுகிறது. பின் பிரேக்கில் ஒரு பக்கக் கட்டை எப்போதும் உரசுகிறது.
– வாசகர், மதுரை

ப: கீச்சொலிக்கு முதலில் ரிம்மை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். கட்டையைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் உப்புத்தாளைத் தரையில் விரித்து, கட்டையை அதன்மேல் தேயுங்கள். வெள்ளிப் பொடியாக அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள். அந்தத் துணுக்குகள்தான் ரிம்மை உழுதுகொண்டிருக்கும்.

பிறகு கட்டையின் கோணம். சக்கரம் சுழலும் திசையில் கட்டையின் முன் முனை முதலில் ரிம்மைத் தொட வேண்டும், பின் முனை சுமார் 1 மி.மீ. விலகியிருக்க வேண்டும். விசிட்டிங் கார்டை மூன்றாக மடித்துப் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகி, லிவரை அமுக்கிப் பிடித்தபடி கட்டையின் நட்டை இறுக்கினால் கோணம் தானே அமையும். கட்டையின் மேல் விளிம்பு ரிம்மின் விளிம்புக்கு 1 மி.மீ. கீழே இருக்கட்டும். டயரில் உரசினால் பக்கச் சுவர் தேய்ந்து ஒருநாள் டயர் வெடிக்கும்.

உரசும் கட்டைக்கு, சக்கரம் தன் இடத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பஞ்சர் ஒட்டி மாட்டிய பிறகு தொடங்கும் உரசல் பெரும்பாலும் இதுதான். நேராக இருந்தால், உரசும் பக்கத்துக் கையின் அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றில் அரைச் சுற்று திருகி, லிவரை இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் இறுகி அந்தக் கை விலகும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ‘சர்க்’ என்று உரசினால் பிரேக்கில் கை வைக்காதீர்கள், ரிம்மில் கோட்டம் இருக்கிறது.

சின்னச் சக்கரத்தில் ரிம் சீக்கிரம் தேயும் என்பதையும் மனதில் வையுங்கள். 20 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.5 மீட்டர். பெரிய 700சி சக்கரத்துக்கு 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இது சுமார் 670 சுற்று, அது 475 சுற்று. ரிம்மின் பக்கம் விரலுக்குக் குழிவாகப் பட ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கே: ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக். தளரும்போதெல்லாம் அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கி வந்தேன். இப்போது எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

ப: அதைத் திருகித் திருகித்தான் இந்த நிலை. கட்டை தேய்ந்ததை ஒயரை இழுத்து ஈடுகட்டும்போது, காலிப்பரில் (டிஸ்க்கின் மேல் கட்டைகளைப் பிடித்திருக்கும் பாகம்) உள்ள நெம்புகோல் பாதி தூரம் நகர்ந்த நிலையில் நின்றுவிடுகிறது. கட்டை டிஸ்க்கை அழுத்துவதற்குள் அதன் ஓட்டம் முடிந்துபோகும்.

அட்ஜஸ்டரை உள்ளே திருகி, ஒயரைத் தளர்த்தி, நெம்புகோல் முழுதாகப் பின்னால் போனதை உறுதி செய்யுங்கள். கட்டையைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின் மேல் பிடிமானப் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் புதிது போட வேண்டும். விலை குறைந்த வகைகளில் வெளிப்புறக் கட்டை மட்டுமே நகரும். அது டிஸ்க்கை வளைத்துக்கொண்டு போய் உள்புறக் கட்டையில் அழுத்தும். அதனால் உள்புறக் கட்டை டிஸ்க்குக்கு மிக அருகில், ஒரு விசிட்டிங் கார்டு இடைவெளியில் இருக்க வேண்டும். சக்கரத்தின் உள்பக்கமிருந்து திருகும் குமிழோ ஆலன் ஸ்க்ரூவோ அதற்காகவே இருக்கிறது. அதை வைத்த பிறகு ஒயரைக் கையால் இழுக்கும் அளவுக்கு மட்டும் விறைப்பாகக் கட்டுங்கள்.

டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் கட்டை ஊறிப்போய்ப் பிடிக்காது. சின்னச் சக்கரத்தில் செயின், டிஸ்க் எல்லாம் நெருங்கியே இருப்பதால் செயினுக்கு ஸ்பிரே அடிக்காமல் சொட்டு சொட்டாக விடுங்கள். புதுக் கட்டை போட்டதும் மிதமான வேகத்தில் 20, 30 முறை மெல்ல மெல்லப் பிடித்து விடுங்கள். முதல் நாளே பிடிமானம் இல்லையே என்று திரும்பக் கழற்ற வேண்டாம். மடித்து வைக்கும்போது டிஸ்க் எதன்மேலாவது அழுந்தினால் நடுவில் ஒரு அட்டைத் துண்டு வையுங்கள். 1.8 மி.மீ. தகடு வளைய அதிக பலம் தேவையில்லை.

சுருக்கமாகச் சில

கே: கியர் ஒயரின் உறை மிச்சம் இருக்கிறது. பிரேக்குக்குப் போடலாமா? (கோவை)
ப: கூடவே கூடாது. கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலமாகப் பிடிக்கும்போது பிரிந்து வெடித்துவிடும். பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருப்பதால் அழுத்தத்தைத் தாங்குகிறது.

கே: வி பிரேக்கின் லிவரைக் கழற்றிவிட்டுப் பழைய ரேஸ் சைக்கிள் லிவரை மாட்டினேன். பலம் இருக்கிறது, ஆனால் கட்டை ரிம்மைத் தொடவே தாமதமாகிறது. (திருச்சி)
ப: வி பிரேக்குக்கு ஒயரை அதிக நீளம் இழுக்கும் லிவர் வேண்டும். ரேஸ் லிவர் கொஞ்சமே இழுக்கும். முன்பிருந்த லிவரையே திரும்ப மாட்டுங்கள்.

கே: முன் பிரேக் மட்டும் புதிதிலிருந்தே ரப்பர் போல அமுங்குகிறது. (நாகர்கோவில்)
ப: வளைந்த குழாயின் ஓரிடம் தடித்து, உள்ளே ஸ்பிரிங் வைத்தது போல இருக்கிறதா? சில மடக்கு சைக்கிள்களில் முன்சக்கரம் சட்டென்று பூட்டி ஆளைத் தூக்கி எறியாதிருக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லையென்றால் உறையின் முனைத் தொப்பிகளைப் பாருங்கள்.