தாக்கரே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சார், மும்பை தாக்கரே குடும்பத்துக்கும் ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரேவுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. பால் தாக்கரேயின் அப்பாவுக்கு அந்த நாவலாசிரியரின் எழுத்து பிடிக்கும். அதனால் ஆங்கிலத்தில் தன் பெயரையும் அதே மாதிரி எழுதிக்கொண்டார் என்பார்கள்.

நாவலாசிரியர் கல்கத்தாவில் பிறந்தவராமே?

ஆமாம், 1811 ஜூலை 18. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1815இல் அவர் இறந்தார். மறு வருஷமே ஐந்து வயதுப் பிள்ளையை அம்மா இல்லாமல் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் வேலைக்காரர் கூட்டிப்போய், தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். "அதுதான் நெப்போலியன். தினமும் மூன்று ஆடு தின்பான், கையில் சிக்கிய குழந்தைகளையும் தின்பான்!" இதைத் தாக்கரேவே பின்னாளில் எழுதியிருக்கிறார். (1824இல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையோடு மோதிச் செத்த கலெக்டர் தாக்கரே, இவருடைய சித்தப்பா.)

வசதியான குடும்பம்தானே, ஏன் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தார்?

சீட்டாட்டம் கொஞ்சம் தின்றது, நடத்திப் பார்த்த பத்திரிகை கொஞ்சம் தின்றது. மிச்சத்தைக் கல்கத்தா வணிக நிறுவனங்கள் திவாலாகி விழுங்கின. கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்கவில்லை.

அவர் எழுத்தில் மேட்டுக்குடியை அவ்வளவு கிண்டல் செய்தது அவர்கள் மேல் இருந்த வெறுப்பாலா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வெறுப்பில் இவ்வளவு நுணுக்கம் வராது. 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழில் பகட்டுப் பேர்வழிகளைக் கிழித்துத் தொடர் எழுதியபோது, எழுதியவர் 'அவர்களில் ஒருவர்' என்றே போட்டுக்கொண்டார். அவருடைய 'வேனிட்டி ஃபேர்' நாவல் 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை மாதாமாதம் வந்தது, படங்களும் அவரே. அதில் பணக்காரக் கிழவி மிஸ் கிராலியின் உயிலுக்காக உறவுக்கூட்டம் போடும் கூத்தைப் படியுங்கள். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும்.

மனைவி பற்றி?

1840இல் மூன்றாவது பிரசவத்துக்குப் பின் இசபெல்லாவுக்கு மனநோய் வந்தது. அயர்லாந்து போகும் கப்பலிலிருந்து கடலில் குதித்தார், காப்பாற்றினார்கள். குணமாகவே இல்லை. கணவர் இறந்த பிறகும் முப்பது வருஷம் உயிரோடு இருந்தார்.

டிக்கன்ஸோடு சண்டையாமே?

1836இல் டிக்கன்ஸின் முதல் நாவலுக்குப் படம் போட வாய்ப்புக் கேட்டுப் போய், கிடைக்காமல் திரும்பியவர் இவர். 1858இல் யேட்ஸ் என்ற பத்திரிகையாளர் இவரைக் கேலி செய்து எழுத, இருவரும் உறுப்பினராயிருந்த கிளப்பின் விவகாரமாக அது முற்றியது. டிக்கன்ஸ் யேட்ஸ் பக்கம் நின்றார். தாக்கரேவுக்கும் டிக்கன்ஸுக்கும் பேச்சு நின்றுபோனது. 1863இல் இன்னொரு கிளப்பில் எதிர்ப்பட்டபோது தாக்கரேதான் முதலில் கை நீட்டினார். அந்த டிசம்பர் 24ஆம் தேதி இறந்துபோனார். அவர் முதல் ஆசிரியராக இருந்த 'கார்ன்ஹில்' இதழில் அஞ்சலி எழுதியவர் டிக்கன்ஸ்.