முப்பத்தைந்தை 305 என்று எழுதும் பேத்தி

அன்புள்ள ஐயா,

பேத்தி இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று வாசிக்கிறாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறாள். நூறு வரை ஒப்பிக்கிறாள். முப்பத்தைந்து எழுதச் சொன்னால் 305. பள்ளியில் 'அரும்பு' குழுவில் வைத்திருக்கிறார்கள், மகனுக்கு அது அவமானமாக இருக்கிறது. தினமும் நாலு பக்கம் எழுத வைக்கலாமா?

ஓர் அப்பத்தா, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

வேண்டாம். பார்த்து எழுதினால் கை வலிக்கும், வாசிப்பு வராது.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை இப்போது நிற்கும் படிகள், ரேங்க் அல்ல. ஆசிரியர் சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்று மகனிடம் சொல்லுங்கள்.

பேத்தி பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள். படத்தை மறைத்துவிட்டு, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 'டபா', 'மாபட' என்று பொருளே இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். தடுக்கும் இடம் தெரிந்துவிடும்.

247 எழுத்தையும் அட்டவணையாக ஓத வைக்காதீர்கள். ட, ப, ம, க போதும். புள்ளியும் துணைக்காலும் சேருங்கள். படம், பாடம், மடம், மாடம். குறில் நெடில் காதில் விழ வேண்டும். கொம்பில்தான் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள். 'பொ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ ப். அதனால் நடுவில் நிற்கும் எழுத்தை முதலில் விரலால் தொடச் சொல்லி, பிறகு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். உகரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்: பு, மு, து மூன்றும் மூன்று விதம்.

305க்கு வருவோம். அவள் காதில் கேட்டதைத்தான் எழுதுகிறாள்: முப்பது, 30, ஐந்து, 5. உங்கள் பக்கம் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, இல்லாத வீடு ஏது? கல்யாணப் பலகாரத்தோடு வந்த சின்னக் கொட்டான்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். 35 புளியங்கொட்டையைக் கொடுத்து, பத்துப் பத்தாக அவளே எண்ணிப் போடட்டும். கொட்டான் எத்தனை, உதிரி எத்தனை? மூன்று, ஐந்து. நீங்கள் எண்ணிப் போட்டுக் கொடுத்தால் பயனில்லை.

இது பழகியபின் அட்டை. 30 எழுதிய அட்டை இரண்டு கட்டம் அகலம், 5 எழுதியது ஒரு கட்டம். 30இன் சுழியை 5 மூடும்படி மேலே வையுங்கள், 35. இரண்டு அட்டையையும் ஒரே அகலத்தில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறுபடி 305தான் வரும்! 40க்கு உதிரி ஒன்றுமில்லை, அதனால் சுழி அப்படியே தெரிகிறது என்பதையும் அவள் வாயால் சொல்ல வையுங்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். தொண்ணூறில் மட்டும் கவனம். எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு, அந்தச் சொல்லில் 'நூறு' ஒலிப்பதால் 100 என்று எழுதிவிடுவார்கள். அப்போது திருத்தாமல் ஒன்பது கொட்டானை எடுத்து வரிசையாக வைத்து, பத்தாவது எங்கே என்று கேளுங்கள்.