தோளெலும்பு கழன்று விழட்டும்

அன்புள்ள ஐயா,

பைபிளில் யோபு நூலின் 31ஆம் அதிகாரம் வாசித்தேன். ‘இன்ன தவறு செய்திருந்தால் எனக்கு இன்னது நேரட்டும்’ என்று யோபு வரிசையாகத் தன்னையே சபித்துக்கொள்கிறார். எனக்கு அது தற்பெருமையாகத்தான் பட்டது. நல்லவர் தன் நல்ல குணத்தை இப்படிச் சொல்லிக் காட்டுவாரா?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

அதை ஒரு வழக்கில் சொன்ன பேச்சாக வாசித்துப் பாருங்கள். பைபிளின் இன்னொரு நூலான யாத்திராகமத்தில், 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவனிடம் விட்ட மாடு செத்துப்போகிறது, அல்லது யாரோ ஓட்டிப்போய்விடுகிறார்கள். பார்த்த சாட்சி இல்லை. அப்போது அவன் கடவுள் பெயரில் ஆணையிட வேண்டும். மாட்டுக்காரர் அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும், ஈடு கேட்க முடியாது.

யோபுவின் நிலையும் அதுதான். பிள்ளைகளும் சொத்தும் போயாயிற்று, உடம்பெல்லாம் புண். ‘நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்’ என்று நண்பர்களே சொல்கிறார்கள். அவருக்காகப் பேச ஆளில்லை. ஆணை ஒன்றுதான் மிச்சம்.

யோபு நூலின் மூலமொழியான எபிரேயத்தில் ‘இம்’ என்ற சொல் நம் ‘செய்திருந்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ மாதிரி. ஆணையிடுகிறவர் பெரும்பாலும் ‘செய்திருந்தால்’ என்பதோடு நிறுத்திவிடுவார். சாபத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘செய்யவில்லை’ என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பைபிளில் வரும் ரூத் என்ற பெண் தன் மாமியாரிடம் ஆணையிடும்போதுகூட, கடவுள் எனக்கு இப்படியும் இதற்கு மேலும் செய்யட்டும் என்கிறாளே தவிர, என்ன செய்யட்டும் என்று சொல்வதில்லை. யோபுவும் சில இடங்களில் அப்படித்தான் நிறுத்துகிறார். ஆனால் சில இடங்களில் முழுதாகச் சொல்லிவிடுகிறார். அனாதைமேல் கை ஓங்கியிருந்தால் தோளெலும்பு கழன்று விழட்டும். விலை கொடுக்காமல் விளைச்சலைத் தின்றிருந்தால் கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும். குற்றம் செய்த கைக்கும் நிலத்துக்குமே தண்டனை. பைபிளின் பாடல் தொகுப்பில், 137ஆம் சங்கீதத்தில் எருசலேமை மறந்தால் என்று ஆணையிடும் பாடகன் கேட்பதும் வலக்கையும் நாக்கும் செயலற்றுப் போகட்டும் என்றுதான். அவன் பிழைப்பே அவை இரண்டும்தானே.

ஒன்று மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது. பிறன்மனை நாடியிருந்தால் என் மனைவி வேறொருவனுக்கு மாவரைக்கட்டும் என்கிறார். அவர் குற்றத்துக்கு அவள் ஏன் சுமக்க வேண்டும்? அந்தக் காலத்து வழக்கம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

சரி, கடைசியில் அவர் சொல்வதைக் கவனியுங்கள்: இதோ என் ‘தாவ்’, எல்லாம் வல்லவர் பதில் சொல்லட்டும். தாவ் எபிரேயத்தின் கடைசி எழுத்து. பழைய வடிவில் வெறும் பெருக்கல் குறிதான், நம் பழைய பத்திரங்களில் போட்ட கீறலைப் போல. கையெழுத்துப் போட்டுவிட்டு, என்மேல் குற்றப்பத்திரிகை இருந்தால் கொடுங்கள், தோளில் சுமக்கிறேன், கிரீடமாகச் சூடிக்கொள்கிறேன் என்கிறார்.

38ஆம் அதிகாரத்தில் சுழற்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். அறியாமல் பேசுகிறாய் என்று கடிந்துகொள்கிறார். ஆனால் அனாதையை அடித்தாய், கூலியைப் பிடித்தாய் என்று ஒரு குற்றமும் சொல்லவில்லை. கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபமெல்லாம் அந்த நண்பர்கள் மேல்தான்.