நாண்ட் கேட்ல கைய வைங்க

கே: சார், நான் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். கோடிங் ஓரளவு வருது, ஆனா மதர்போர்டப் பாத்தா தலை சுத்துது. சர்க்யூட் டிசைன் கத்துக்க இன்ஜினியரிங்தான் படிச்சிருக்கணுமா?
- ஒரு வாசகர், திருச்சி

ப: அதெல்லாம் வேணாம் தம்பி. மதர்போர்டு பல லேயர் சமாச்சாரம், அத இப்போதைக்கு மறந்துடுங்க. ஒரு பிரெட்போர்டு (சால்டர் பண்ணாம ஒயரச் சொருகி சர்க்யூட் போடுற பலகை), 5 வோல்ட் சப்ளை, கொஞ்சம் எல்.இ.டி, ரெசிஸ்டர், 74எச்சி00 ஐ.சி (சிப்) ரெண்டு வாங்குங்க (சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு நட நடந்தா போதும்). அந்த 14 கால் ஐ.சிக்குள்ள 4 நாண்ட் கேட் (ரெண்டு இன்புட்டும் 1-ஆ இருந்தா மட்டும் 0 தர்றது) இருக்கு, 14வது கால்ல 5 வோல்ட், 7வது கால்ல கிரவுண்ட், அந்த நாலையும் சரியா கோத்தா ஒரு எக்ஸ்ஆர் கேட் (ரெண்டு இன்புட்டும் வேற வேறயா இருந்தா மட்டும் 1 தர்றது) வந்துடும், அதான் சம், அடுத்த ஐ.சில இருந்து இன்னொரு நாண்ட் சேத்தா கேரியும் (அடுத்த இலக்கத்துக்குப் போற மிச்சம்) வந்து ஹாஃப் ஆடர், அதாவது ரெண்டு பிட்டக் கூட்டுற சர்க்யூட், ரெடி. 1+1 குடுத்தா கேரி எல்.இ.டி எரியும், சம் எல்.இ.டி அணைஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் போடுற கூட்டலே இதுதான்!

இன்புட் குடுக்குற சுவிட்ச் ஆஃப்ல இருக்கறப்ப இன்புட் கால் அந்தரத்துல தொங்கக்கூடாது, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா கிரவுண்ட்ல கட்டிடுங்க. நான் கட்டாம விட்டுட்டு, கை கிட்ட போனாலே எல்.இ.டி மினுக்குதேன்னு ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு ஐ.சி போச்சுன்னு கடக்காரரத் திட்டிட்டு இருந்தேன், பாவம் மனுஷன். ஒவ்வொரு ஐ.சி பக்கத்துலயும் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க. இதெல்லாம் ஓடுனப்புறம் கிகேட் (KiCad) ங்கற சர்க்யூட் போர்டு வரையற சாஃப்ட்வேர எறக்குங்க, ஃப்ரீதான், அதே ஹாஃப் ஆடர போர்டா வரைஞ்சு பாருங்க.