வாசகர் கேள்வி – பதில்: வாஷிங்டன் பயணத்தால் என்ன பயன்?

கேள்வி: என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிதியியல் முதுகலை படிக்கிறாள், மாணவர் விசாவில் இருக்கிறாள். வசந்தகால விடுமுறையில் அவளுடைய துறையினர் மாணவர்களை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், எஸ்.இ.சி. எனப்படும் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் முதலிய அரசு நிதி அமைப்புகளைக் காட்டப் போகிறார்களாம். செலவில் ஒரு பகுதி எங்களுடையது. அங்கெல்லாம் அவளுக்கு வேலை கிடைக்குமா? கிடைக்காது என்றால் இந்தப் பயணம் வீண்தானே?

பதில்: இரண்டு கேள்விகளையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள், அம்மா. முதல் கேள்விக்கு விடை ஏறக்குறைய ‘இல்லை’ என்பதுதான். இரண்டாவதற்கும் ‘இல்லை’ என்றே சொல்வேன்.

அமெரிக்க மத்திய அரசுப் பணிகளில் பெரும்பாலானவை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வசித்த சீனக் குடியேறிகள் ஐவர் தொடுத்த வழக்கில், அரசுப் பணியில் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று பணியாளர் ஆணையம் தன் போக்கில் வகுத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1976 ஜூனில் செல்லாததாக்கியது. ஆணையத்துக்கு இல்லாத அந்த அதிகாரம் தமக்கு உண்டு என்ற அடிப்படையில், அதிபர் ஃபோர்டு அதே ஆண்டு செப்டம்பரில் அதே தடையைத் தமது நிர்வாக ஆணையாகவே பிறப்பித்துவிட்டார். அதனால் கிரீன் கார்டு வைத்திருப்போருக்கும் இப்பணிகளில் மிகப் பலவற்றின் கதவு மூடியே இருக்கிறது. மாணவர் விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபெடரல் ரிசர்வ் அமைப்பின் 12 வட்டார வங்கிகளில் பணிபுரிவோர் மத்திய அரசு ஊழியர் அல்லர் என்பதால் அங்கே விதி சற்று வேறுபடும். ஆனால் நாணயக் கொள்கை, அதாவது வட்டி விகித முடிவுகள், தொடர்பான தகவல்களைக் கையாளும் இடங்களில் அங்கும் குடியுரிமை குறுக்கே வரும். ஒவ்வொரு பணி அறிவிப்பிலும் அந்த நிபந்தனையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதே நகரத்தில் நடக்கும் தூரத்தில் இருக்கும் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் இந்தக் கணக்கில் வரமாட்டா. உறுப்பு நாடுகள் அனைத்திலிருந்தும் அவை ஆள் எடுக்கின்றன. பயணத் திட்டத்தில் அவ்விரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தாலும், படித்து முடித்த கையோடு அங்கே நுழைந்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான பதவிகளுக்கு மேற்படிப்போடு சில ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள்.

பிறகு ஏன் போக வேண்டும்? உங்கள் மகள் நாளை ஒரு வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ சேர்ந்தால், அவள் மேசைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இந்த அமைப்புகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாகவே இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் அறிக்கைகளையும் எஸ்.இ.சி. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பரிசீலிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கூறுகிறது. பரிசீலிக்கும் அலுவலர், ‘இந்த வருவாயை இந்தக் காலாண்டில் ஏன் கணக்கில் கொண்டுவந்தீர்கள்?’ என்பதுபோல் ஐயங்களை வரிசைப்படுத்தி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவார். நிறுவனம் விளக்கம் எழுதும். பரிசீலனை முடிந்து குறைந்தது 20 வேலை நாள்கள் கழித்து இரு தரப்புக் கடிதங்களும் எஸ்.இ.சி.யின் எட்கர் என்னும் இணையத் தளத்தில் எவரும் படிக்கும்படி வெளியாகும். அப்படி ஒரு கடிதத் தொகுப்பைப் படித்துவிட்டுப் போய், அதைப் போன்றவற்றை எழுதும் ஒருவரிடமே, எந்த வரியைக் கண்டதும் ஐயம் எழும் என்று கேட்கும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைக்காது. தனியார் துறை நேர்காணலில் இந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: அத்தகைய பயணம் ஒன்றில் நானும் செல்கிறேன். அதிகாரிகளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? வட்டி விகிதம் குறையுமா என்று கேட்டால் தவறா?

பதில்: தவறு என்பதைவிட, பயனில்லை என்பதே பொருந்தும். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ஃபெடரல் ரிசர்வ் குழு ஆண்டுக்கு 8 முறை கூடுகிறது. கூட்டத்துக்கு முந்தைய இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து, கூட்டம் முடிந்த மறுநாளான வியாழக்கிழமை வரை, நாணயக் கொள்கை பற்றி அதன் அலுவலர்கள் வெளியே பேசுவதில்லை. உங்கள் பயணத் தேதி அந்த நாள்களுக்குள் விழுந்தால் சந்திப்பு நடக்கலாம். ஆனால் நீங்கள் கேட்க விரும்பும் விஷயத்தைத் தவிர மற்றவற்றைத்தான் பேசுவார்கள். எஸ்.இ.சி. அலுவலர் பேசத் தொடங்குமுன், தாம் சொல்வன தம் சொந்தக் கருத்துகளே, ஆணையத்தின் கருத்துகள் அல்ல என்று அறிவிப்பார். அது பணிவோ தயக்கமோ அன்று, அங்குள்ள நடைமுறை. விசாரணையில் உள்ள நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வாயைக் கிளறினால் கதவு சாத்தப்படும்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள். வங்கி வைப்புத்தொகைக் காப்பீட்டைக் கவனிக்கும் எஃப்.டி.ஐ.சி. அமைப்புக்குச் சென்றால், வீழ்ந்த வங்கியைக் கையில் எடுக்கும் குழுவில் இருந்தவர் எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள். வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலை வங்கியை மூடி, வாரக் கடைசியில் கணக்குகளைப் பிரித்து, திங்கட்கிழமை காலை வேறொரு வங்கியின் கிளையாகத் திறந்துவிடுவார்கள். ஆனால் 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி வங்கியை வேலை நேரத்திலேயே மூட வேண்டியதாயிற்று. 2,50,000 டாலர் என்ற காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட வைப்புகளே அங்கு மிகுதி. மாலைவரைகூட ஏன் காத்திருக்க முடியவில்லை என்ற ஒரு கேள்வியே அரை மணி நேரப் பேச்சுக்குப் போதும்.

எஸ்.இ.சி. ஊழியர்கள் பங்கு வாங்க முன் அனுமதி பெற வேண்டும். வாங்கியதைப் பொதுவாக ஆறு மாதம் விற்கக் கூடாது. சொந்தப் பணத்தின் மீது இத்தகைய கட்டுப்பாடு உங்களுக்கு ஒத்துவருமா என்று இப்போதே யோசித்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: மாணவர் பயணத்துக்கு ஏற்பாடு செய்யும் பேராசிரியர் நான். மூன்று நாள்களில் எத்தனை அலுவலகங்களைச் சேர்க்கலாம்?

பதில்: நாளொன்றுக்கு இரண்டு போதும். டாலர் தாள் அச்சடிக்கும் இடத்தை மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அது வேடிக்கை பார்ப்பதோடு சரி, தொழில் வழிகாட்டல் ஆகாது. அந்த நேரத்தை, பெரும்பாலும் எவரும் நினைக்காத ஜி.ஏ.ஓ. எனப்படும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்துக்குக் கொடுங்கள். 1921-இல் நாடாளுமன்றத்துக்காக உருவான இந்தத் தணிக்கை அமைப்பு, மற்ற நிதி அமைப்புகளையே கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறது. காலையில் பார்த்த அலுவலகத்தைப் பற்றி ஜி.ஏ.ஓ. எழுதிய அறிக்கையை மாலையில் அதன் அலுவலர்களோடு விவாதிப்பதுபோல் நிரலை அமைக்க முடிந்தால் மிகவும் நன்று.

பாதுகாப்புச் சோதனைக்காகப் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை விவரங்களை முன்கூட்டியே கேட்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடுதல் நாள்கள் பிடிக்கும். அவர்களின் பட்டியலை முதலில் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடும் நம் பிள்ளைகள் விஷயத்தில் வாயிற்காவலரிடம் உள்ள பட்டியலும் கையிலுள்ள அடையாள அட்டையும் ஒத்துப்போகாமல் நிற்க நேரிடுவதுண்டு.