குழிக்குள் கிடக்கும் வரிசை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏதென்ஸ் நகரத்துப் பழைய சந்தைவெளியான அகோராவைப் பற்றியும், அங்கே குப்பை கொட்டித் தூர்க்கப்பட்ட கிணறுகளைத் தொல்லியலாளர்கள் தோண்டியது பற்றியும் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, ஒரே ஒரு கிணற்றைத் தோண்ட 1994, 1995 என்று இரண்டு வருடம் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே இருந்தது உடைந்த சட்டியும் கல்லும் மண்ணும்தானே? ஜேசிபி வைத்து ஒரே நாளில் வெளியே அள்ளிப்போட்டு, அப்புறம் நிதானமாகச் சலித்துப் பார்த்தால் ஆகாதா?
(கல்லூரி மாணவர், பேட்டை)

பதில்: அள்ளலாம் தம்பி. சாமான் எல்லாம் கைக்கு வந்துவிடும். எது எதற்கு மேலே கிடந்தது என்பது மட்டும் போய்விடும், போனால் போனதுதான், அதைத் திரும்ப எப்படியும் வாங்க முடியாது.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு கிணறு இருந்தது. போர் போட்ட பிறகு அதில் யாரும் இறைக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அந்த இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டி நாலு ஆட்களை வைத்துத் தோண்டினோம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததெல்லாம் பாலித்தீன் பை, உடைந்த டியூப்லைட், சிமெண்ட் சாக்கு. அதற்குக் கீழே நாட்டு ஓடும் காரை ஒட்டிய செங்கலும் மட்டும்தான், பழைய அடுக்களையை இடித்தபோது கொட்டியது. இன்னும் கீழே போனால் கறுப்புச் சேறு. அந்தச் சேற்றில் ஒரு பித்தளைச் செம்பு, நசுங்காத இரும்பு வாளி ஒன்று, கூடவே ஒரு பாதாளக் கரண்டி. கரண்டியின் ஒரு கொக்கி வாளியின் பிடியில் மாட்டியபடியே இருந்தது. வாளி விழுந்திருக்கிறது, எடுக்கக் கரண்டியை விட்டிருக்கிறார்கள், மாட்டித் தூக்கும்போது கயிறு அறுந்திருக்கிறது. ஒரு குடும்பம் தண்ணீர் இறைத்த காலம், அடுக்களையை இடித்த வருடம், கிணற்றையே மறந்துபோன காலம் மூன்றும் கீழிருந்து மேலாக அந்த வரிசையில் இருந்தன. மொத்தமாக அள்ளி வெளியே குவித்திருந்தால் ஒரு வாளியும் ஒரு கரண்டியும் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஏதென்ஸிலும் இதே கதைதான். கி.மு. 480ல் பாரசீக மன்னன் செர்க்சஸின் படை வருகிறது என்றதும் ஊர் மக்கள் சலாமிஸ் தீவுக்கும் மற்ற இடங்களுக்கும் போய்விட்டார்கள், படை வந்து நகரத்தை எரித்தது, வீடுகளை இடித்தது. அடுத்த வருடம் பாரசீகர்கள் தோற்றுப்போன பிறகு ஊர் திரும்பிய மக்கள் இடிபாட்டைக் கூட்டிப் பெருக்கி, அதில் ஒரு பெரும் பகுதியைக் கிணறுகளில்தான் கொட்டினார்கள். அதனால் அந்தக் கிணறுகளில் இரண்டு விதமான நிரப்பு இருக்கும். அடியில், தண்ணீர் மொள்ளும்போது கை தவறி விழுந்த குடங்கள், சேற்றில் விழுந்ததால் பல முழுசாகவோ முக்கால்வாசியாகவோ இருக்கும். அதற்கு மேலே மொத்தமாகக் கொட்டிய இடிபாடு. நீங்கள் கேட்ட அந்தக் கிணற்றின் மேல் நிரப்பில், ஒரே வீட்டில் புழங்கிய கோப்பைகளும் சமையல் பாத்திரங்களும் விளக்குகளும் வந்தன. விருந்துக்கு வந்தவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்த கோப்பை முதல் அடுப்பில் ஏற்றிய சட்டி வரை, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வீட்டின் அடுக்களைச் சாமானை அப்படியே பார்க்கிற மாதிரி.

ஒரே நாளில் கொட்டியதா, ஐம்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கொஞ்சம் ஆழம் தோண்டி, அதில் வந்த ஓடுகளைத் தனியாக வைத்து, எந்த ஆழத்தில் வந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி மேலே அனுப்புவார்கள். கழுவிக் காயவைத்து மேசையில் பரப்பி, எந்தத் துண்டு எதோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். மேல் மட்டத்தில் வந்த ஒரு கோப்பை விளிம்பு, அதற்கும் வெகு ஆழத்தில் வந்த ஒரு கோப்பை அடியோடு சரியாகப் பொருந்தினால், நடுவில் உள்ள மண் மொத்தமும் ஒரே தடவையில் விழுந்தது என்று அர்த்தம். சீட்டு இல்லாவிட்டால் கோப்பை ஒட்டிவிடும், சேதி வராது. சேற்றையும் சும்மா விடுவதில்லை, தண்ணீர் விட்டுச் சலித்தால் ஆலிவ் கொட்டை, திராட்சை விதை, மீன் முள் என்று அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதே தெரிய வரும்.

கேள்வி: கல்வெட்டும் இல்லை, தேதியும் இல்லை. குழி எப்போது மூடப்பட்டது என்று எப்படித்தான் சொல்கிறார்கள்?
(இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்)

பதில்: உள்ளே கிடப்பதிலேயே எது கடைசியாகச் செய்யப்பட்டதோ அதைப் பார்க்க வேண்டும் அம்மா. ஒரு குழியின் மேலே ஓட்டைக் காலணாவும் அடியில் 2000ஆம் வருடத்து நாணயமும் கிடந்தால், அந்தக் குழி 2000க்கு முன்னால் தூர்ந்திருக்க முடியாது. எலி வளையும் மர வேரும் சாமானை இடம் மாற்றிவிடும், அதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏதென்ஸில் ஒரு தலைவர் ரொம்பப் பெரிய ஆளாகிவிட்டார் என்று தோன்றினால் மக்கள் ஓட்டாஞ்சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள், அதில் அதிகச் சில்லு விழுந்தவர் பத்து வருடம் ஊரைவிட்டுப் போக வேண்டும். அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஆஸ்கர் பிரோனியர் தோண்டிய ஒரு கிணற்றில் இப்படி 190 சில்லுகள் கிடைத்தன, எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் பெயர்தான். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரைத் தோற்கடிக்க வழி செய்தவரே அவர். எழுத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் 190ஐயும் எழுதியது 14 பேர்தான். யாரோ முன்கூட்டியே எழுதி, கூட்டத்தில் கொடுக்கத் தயாராக வைத்திருந்தது தெரிகிறது. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. நாம் பாண்டி ஆடக் குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுப்போமே, அதே மாதிரி உடைந்த ஓடுதான்.

கேள்வி: தங்கம் ஏதாவது கிடைத்ததுண்டா?
(வாசகர், தென்காசி)

பதில்: உண்டு. 1939ல் கிரேக்க நாட்டு டெல்பி கோயிலின் புனிதப் பாதைக்கு அடியிலிருந்த குழியில், தீயில் கருகிய தந்தச் சிலைத் துண்டுகளும் தங்கத் தகடுகளும் வெள்ளித் தகடு போர்த்திய ஒரு காளையும் கிடைத்தன. சாமிக்குக் கொடுத்த பொருள் சேதப்பட்டாலும் வெளியே எறிய மனம் வராமல் கோயில் எல்லைக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். பின்னப்பட்ட சிலையை நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் நிலத்தில் வீட்டுக்கு வானம் தோண்டும்போது நாலடியில் கறுப்பும் சிவப்புமான ஓடுகளும், ஒரு பெரிய பானையின் வாயும் தெரிகின்றன. வெளியே சொன்னால் வேலை நின்றுவிடும், உடைத்து அள்ளிப் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்ய?
(வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. நீங்கள் இருக்கும் இடம் ஆதிச்சநல்லூருக்குப் பக்கம், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டிய அதே மண். நீங்கள் பார்ப்பது முதுமக்கள் தாழியாக, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானையாக இருக்கலாம்.

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு நெல்மணி இருந்தது, அதைச் சோதனைக்கு அனுப்பியதில் காலம் கி.மு. 1155 என்று வந்தது, 2021ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். தாழியை எடுத்தவர்கள் உள்ளே வெறும் மண்தானே என்று தட்டிக் கொட்டியிருந்தால் பொருநை என்கிற தாமிரபரணிக் கரையின் வயதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பானையைவிட பானைக்குள் இருக்கும் மண் பெரிது, தயவுசெய்து இதை மேஸ்திரிக்கும் சொல்லுங்கள்.

அந்த மூலையில் மட்டும் வேலையை நிறுத்துங்கள், மற்றப் பக்கம் ஆட்கள் தோண்டட்டும். எதையும் இழுக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்து, அளவு தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஏற்கனவே வெளியே வந்த ஓடுகளை எந்த ஆழத்தில் வந்தது என்று எழுதித் தனிப் பையில் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது, மறைத்தால்தான் சிக்கல். வேலை தாமதமாகும், அது உண்மைதான்.

நேரம் கிடைத்தால் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஆதிச்சநல்லூர் போய் வாருங்கள், 2023ல் அங்கே கண்ணாடித் தளம் போட்டு, குழிக்குள் தாழிகள் இருக்கிற நிலையிலேயே மேலே நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், மழை வருவதற்குள், பானை வாய்க்கு மேல் ஒரு பழைய சாக்கை விரித்து, அதன் மேல் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.