ஓடுகிற இதயத்தை மேலும் விரட்டலாமா?

கேள்வி: மாரடைப்புக்குப் பின்னர் என் தந்தைக்கு நெஞ்சில் ஐ.சி.டி. கருவி (ஆபத்தான இதயத் துடிப்பைக் கண்டறிந்து மின்சாரத்தால் சீராக்கும் கருவி) பொருத்தியுள்ளார்கள். இதயம் அதிவேகமாக ஓடியபோது கருவி அதைவிட வேகமாகத் துடிப்புக் கொடுத்து நிறுத்தியதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். இது ஆபத்தில்லையா? அவர் மீண்டும் கடலுக்குப் போகலாமா?
– வாசகி, நிலாவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆயினும் கருவி செய்தது சரியான வேலையே. மாரடைப்பால் இதயத்தின் கீழறைத் தசையில் தழும்பு உண்டானால், அதைச் சுற்றி மின் அலை வட்டமாக ஓயாமல் சுழன்று, நிமிடத்துக்கு 180 தடவை என்ற வேகத்தில் இதயத்தைத் துடிக்கச் செய்யலாம். அந்தச் சுழற்சி நீடிக்க வேண்டுமானால், அலை வந்து சேரும் ஒவ்வோர் இடத்திலும் தசை இளைப்பாறி, மீண்டும் தூண்டப்படத் தயாராக இருக்க வேண்டும். கருவியோ, சற்றுக் கூடுதலாக 205 அளவிலான வேகத்தில், வழக்கமாக எட்டு மெல்லிய மின்தூண்டல்களை அடுத்தடுத்துக் கொடுக்கிறது; அவற்றுள் ஒன்று அந்தத் தசையை முந்திச் சென்று பிடித்துவிட்டால், சுழன்று வரும் அலைக்கு மேலே செல்ல வழியில்லாமற்போய், சுழற்சி அறுந்துவிடுகிறது. எல்லாம் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும், வலியும் இராது.

1980இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட இத்தகைய கருவியால் பலத்த மின்னதிர்ச்சி மட்டுமே கொடுக்க முடிந்தது. சுயநினைவோடு இருக்கும்போது அந்த அதிர்ச்சியை வாங்கியவர்கள் அடுத்ததை எண்ணியே அஞ்சி வாழ்வதுண்டு என்பதால், வலியற்ற இந்த முறையை நான் பெரும் வரமாகவே கருதுகிறேன். அரிதாக, இத்தூண்டலே வேகத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. அப்போது கருவி உடனே அதிர்ச்சியைக் கொடுக்கும். கீழறை ஒழுங்கின்றி நடுங்கும் நிலைக்கு அதிர்ச்சி ஒன்றே மருந்து.

கடலைப் பொறுத்தவரை, படகு இயந்திரத்திலிருந்து ஒரு கை தூரம் விலகியிருந்தால் கருவிக்குப் பொதுவாகத் தீங்கில்லை. நடுக்கடலில் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதே எனக்குள்ள கவலை. ஆகவே வைத்தியர் அனுமதிக்கும்வரை அவர் போகக் கூடாது. அனுமதித்த பின்னரும் தனியே போக விடாதீர்கள்.

கருவி இருக்கிறதே என்று மாத்திரைகளை நிறுத்துவது பெருந்தவறு. அது வந்த ஓட்டத்தை நிறுத்துமேயன்றி, வராமல் தடுக்காது. ஒரு தடவை அதிர்ச்சி வந்து அவர் நலமாக இருந்தால் கிளினிக்குக்கு அறிவியுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயங்கினாலோ, தாமதியாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.